பத்தடி ஹாலும் பத்துப் படமும்: சின்ன வீட்டில் இன்ஸ்டாக்ஸ் எடுக்கும் முறை

எங்கள் வீட்டு ஹால் பத்தடிக்கு ஒன்பதரை. துணியை இழுத்துக் கட்டிக் கொக்கி ஊசியால் பூவேலை செய்கிற ஆரி ஸ்டாண்டை விரித்துப் போட்டால் பாதி ஹால் போய்விடும். மீதிப் பாதியில் டிவி, பீரோ, மகளின் புத்தகப் பை, மாமியார் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. அடுக்களையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வாசற்படியில் நின்றுதான் பேச வேண்டும். சைதாப்பேட்டையில் இரண்டாவது மாடிப் போர்ஷன். இந்த வீட்டுக்குள் கேமராவை வைத்துக்கொண்டு என்னத்தை எடுப்பது என்று கேட்டால், மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டேன்.

நான் ஆரி வேலை செய்கிறேன். பெரும்பாலும் கல்யாண பிளவுஸ். வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள்: மயில், அன்னம், தாமரை, மாங்காய், யானை. எட்டு வருஷமாக அதையே போட்டுப் போட்டு, கண்ணை மூடினாலும் கை மாங்காயைத்தான் வளைக்கும். ஒருநாள் ஒரு பெண் என் மாதிரி நோட்டு முழுவதையும் புரட்டிவிட்டு, "உங்ககிட்ட புதுசா எதுவும் இல்லையாக்கா?" என்றாள். சுருக்கென்று கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் வந்த கோபம் அது.

அதே சமயத்தில்தான் நாத்தனார் மகன் கல்யாணம். ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் படம் எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வாழ்த்து எழுதுவதற்காக, எடுத்த படத்தை உடனே அட்டையாக வெளியே தள்ளுகிற இன்ஸ்டாக்ஸ் மினி 9 கேமரா வாங்கியிருந்தார்கள். கல்யாணம் முடிந்ததும் அது பரணுக்குப் போகவிருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். உள்ளே ஆறு படம் மிச்சம் இருந்தது. ஆறையும் ஒரே சாயங்காலத்தில் எடுத்தேன், ஆறும் வீண். நான்கில் ஃப்ளாஷ் அடித்து எல்லாம் வெள்ளை. ஒன்றில் என் பெருவிரல். ஒன்றில் கொடியில் தொங்கிய துணி, அதுவும் மங்கலாக.

போனில் என்றால் அழித்துவிட்டுப் போயிருப்பேன். இதில் அழிக்க முடியவில்லை. ஒரு படம் எனக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆறு படம் முந்நூறு ரூபாய், அதாவது ஒரு சாதாரண பிளவுஸுக்கு ஓரம் போட்டுக் கொடுத்தால் கிடைக்கிற கூலி. அந்த ஆறையும் மேஜையில் வரிசையாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டை நான் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து தட்டுத் தடுமாறிக் கற்றதைத்தான் கீழே எழுதுகிறேன். நீங்கள் ஆரி போட வேண்டும் என்பதில்லை. கோலம், கவிதை, களிமண், கேக் அலங்காரம், எதுவாக இருந்தாலும் கை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்றால் இது உதவும்.

கேமராவுக்கு முன்னால் சாக்பீஸ்

முதல் மூன்று நாள் கேமராவைத் தொடாதீர்கள். வெயில் உங்கள் வீட்டுக்குள் எங்கே, எப்போது வருகிறது என்று மட்டும் பாருங்கள். சின்ன வீட்டில் வெயில் விருந்தாளி மாதிரி, வந்தது தெரிவதற்குள் கிளம்பிவிடும்.

எங்கள் ஹால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. எதிரே மூன்று மாடி வீடு. அதற்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நான்கடிச் சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் எங்களுக்குச் சூரியன். நான் தையல் சாக்பீஸை எடுத்து, தரையில் வெயில் விழுகிற ஓரங்களைக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதி வைத்தேன். 7.10க்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் ஒரு கோடு. 7.25க்கு அரிசி டப்பா. 7.40க்கு ஆரி ஸ்டாண்டின் கால். எட்டு மணிக்கு ஒன்றும் இல்லை. அடுக்களையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாகச் சாயங்காலம் நாலரைக்கு ஒரு வட்டம் விழுகிறது. ஃபேன் சுற்றாமல் நின்றால் அந்த வட்டம் துண்டு துண்டாகத் தெரியும், வெட்டிய கேக் மாதிரி.

இந்தக் கோடுகள் வருஷம் முழுக்கச் செல்லாது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும், ஆனியில் வடகிழக்கில். அதனால் தரையில் விழுகிற வெயில் கட்டம் மாதத்துக்கு மாதம் நகரும். சில மாதம் எங்கள் சந்துக்குள் சூரியன் சரியாக வந்து நிற்காது, வெறும் வெளிச்சம் மட்டும் இருக்கும். மாசத்துக்கு ஒரு முறை புதுக் கோடு போட்டுவிடுங்கள். தரையில் கோடு போட்டால் வீட்டில் திட்டு விழும். எனக்கும் விழுந்தது.

வெயில் மட்டுமில்லை, எதிர்ச் சுவரின் நிறமும் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் பச்சை அடித்திருக்கிறார், சும்மா பச்சை இல்லை, கிளிப்பச்சை. ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படத்தில் மகளின் முகம்கூடப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. கண்ணுக்கு அது தெரியாது, நாம் பழகிவிடுகிறோம். ஃபிலிம் பழகுவதில்லை. அதை ஒழிக்க முடியாது. வெளிச்சம் வருகிற பக்கத்துக்கு எதிரே, கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் பிரித்துப் போடுங்கள். நிழல் விழுகிற பக்கமாவது கொஞ்சம் தெளியும்.

இரண்டடி

மினி 9 இரண்டடிக்கு, அதாவது 60 சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பதைத் தெளிவாக எடுக்காது. கேமராவோடு ஒரு குட்டி லென்ஸ் தருவார்கள், அதை முன்னால் மாட்டினால் 35 முதல் 50 சென்டிமீட்டர் வரை எடுக்கலாம். பெரிய வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நமக்கு இதுதான் தலையாய விஷயம், ஏனென்றால் நம் வீட்டில் எல்லாமே இரண்டடிக்குள்தான் இருக்கிறது.

கண்மதிப்பை நம்பாதீர்கள். நான் கேமராவின் கைக்கயிற்றில் ஒரு தடித்த நூலைக் கட்டியிருக்கிறேன். 35 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, 50இல் ஒன்று, 60இல் ஒன்று. லென்ஸ் பக்கத்திலிருந்து நூலைப் பொருள்வரை இழுத்துப் பார்ப்பேன், எந்த முடிச்சு என்று தெரிந்ததும் நூலை விட்டுவிட்டு அழுத்துவேன். தையல்காரிக்கு இஞ்ச் டேப்பே கழுத்தில்தான் தொங்குகிறது, ஆனாலும் நூல்தான் வசதி.

படத்துக்குள் எவ்வளவு விழும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. இந்தக் கேமராவில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ, ஏறக்குறைய அவ்வளவு உயரம் படத்தில் விழும், அகலம் அதில் முக்கால்வாசி. இரண்டடியில் நின்றால் இரண்டடி உயரம், ஒன்றரை அடி அகலம். எங்கள் ஹாலில் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எடுத்தாலும் எதிர்ச் சுவரில் ஆறேழு அடி அகலம்தான் வரும். ஆக, அறையை எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. அறையை எடுத்திருந்தால் சாமான்தான் தெரிந்திருக்கும்.

அறை முழுவதும் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1982 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டையே போலராய்டு என்ற உடனடிப் படக் கேமராவில் துண்டு துண்டாக எடுத்து, வெள்ளை ஓரங்களோடு கட்டம் கட்டமாக அடுக்கி ஒரே படமாக்கினார். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் சரியாகப் பொருந்தாது, அந்தப் பொருந்தாமைதான் அழகு. நான் அடுக்களை அலமாரியை நான்கு படமாக எடுத்து அப்படி அடுக்கினேன். இருநூறு ரூபாய்க்கு மேல் காலி. ஒரு தடவை செய்து பார்க்கலாம், வாராவாரம் முடியாது.

அப்புறம், நீங்கள் கண் வைத்துப் பார்க்கிற துளையும் லென்ஸும் ஒரே இடத்தில் இல்லை. தூரத்தில் இருப்பதற்கு இது தெரியாது, கிட்டத்தில் போனால் படம் ஓரமாக நகர்ந்துவிடும். இதற்காக ஒரே ஒரு படத்தைத் தியாகம் செய்துவிடுங்கள். தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, குட்டி லென்ஸைப் போட்டு, தேதி எண்ணைத் துளையின் நட்டநடுவில் வைத்து அழுத்துங்கள். வருகிற படத்தில் தேதி எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நிஜக் காலண்டரில் அது எவ்வளவு தூரமோ, இனிமேல் அவ்வளவு தூரம் கேமராவை நகர்த்தி அழுத்த வேண்டும். அந்தப் படம் இன்னமும் என் பீரோ கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறது, நல்ல நேரம் ராகு காலத்தோடு.

ஃப்ளாஷை என்ன செய்வது

மினி 9இல் ஃப்ளாஷை அணைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் அடிக்கும். எவர்சில்வர் பாத்திரம், சாமி படத்தின் கண்ணாடி, பீரோவின் நிலைக்கண்ணாடி என்று நம் வீட்டில் பளபளப்பதற்குக் குறைவே இல்லை. நேராக நின்று எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பந்து. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து சாய்த்து எடுத்தால் அந்தப் பந்து படத்துக்கு வெளியே போய்விடும்.

கிட்டத்தில் எடுக்கும்போது ஃப்ளாஷ் மீது ட்ரேஸ் பேப்பரை இரண்டாக மடித்து ஒட்டுங்கள். வெளிச்சம் மெத்தென்று விழும். ஃப்ளாஷுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தை அளக்கிற குட்டிக் கண் இருக்கிறது, அதன் மேல் ஒட்டிவிடாதீர்கள்.

இனி நான் சொல்லப் போவது எனக்கு மிகவும் பிடித்தது. காலை வெயில் கட்டம் விழுகிற நேரத்தில், ஃப்ளாஷை எலக்ட்ரீஷியன் பயன்படுத்தும் கறுப்பு டேப்பால் முழுக்க மூடிவிடுங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள டயலை இருப்பதிலேயே பெரிய வெயில் குறிக்குத் திருப்புங்கள். கேமரா ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்குள் இருக்கிறாய் என்று வீட்டுக் குறியில் விளக்கெரித்துக் காட்டும். காட்டட்டும். வெயில் விழுந்த இடத்தை மட்டும் பார்த்து அழுத்துங்கள்.

என்ன நடக்கிறது என்றால்: இந்தக் கேமராவின் ஷட்டர் எப்போதும் வினாடியில் 60இல் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும். டயலைத் திருப்பினால் ஓட்டையின் அளவுதான் மாறும். ஃபிலிம் வெளிச்சத்தை உணர்கிற வேகம் ஐஎஸ்ஓ 800. பெரிய வெயில் குறியில் ஓட்டை மிகச் சிறியது, எஃப் 32. அந்த அளவுக்கு நேர் வெயில் மட்டுமே ஃபிலிமில் பதியும். வீட்டு வெளிச்சம் அதற்குப் போதாது. அதனால் டிவி, பீரோ, புத்தகப் பை, கொடித் துணி எல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும். வெயில் தொட்டது மட்டும் மிதந்து வரும். சாமான் அடைத்துக்கொண்டிருக்கிற வீட்டை ஒரு நொடியில் காலி செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

மினி 11, மினி 12 வைத்திருப்பவர்களுக்கு இந்த டயல் கிடையாது, வெளிச்சத்தைக் கேமராவே முடிவு செய்துகொள்ளும். இந்த வித்தை அதில் இப்படியே வராது. மினி 90இல் ஃப்ளாஷை அணைக்கவே பொத்தான் இருக்கிறது, ஒரே படத்தில் இரண்டு காட்சியைச் சேர்க்கவும் முடியும். ஆனால் இதற்காக அதைப் போய் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன்.

எதை எடுப்பது

இங்கேதான் எல்லாரும் தடுமாறுவார்கள். நானும் முதலில் அழகான பொருளைத் தேடினேன். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிப் பூ வைத்து எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. பார்த்தால் கல்யாண ஆல்பத்தில் வருகிற குத்துவிளக்கு. அதிலிருந்து எனக்கு வந்த டிசைன் என்ன? அதே குத்துவிளக்கு.

ஆந்த்ரே கெர்டெஸ் என்ற புகைப்படக்காரரைப் பற்றிப் பின்னால்தான் படித்தேன். புடாபெஸ்டில் பிறந்தவர், பாரிஸில் பெயர் வாங்கியவர், நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவைப் பார்த்த மாதிரி ஒரு பன்னிரண்டாவது மாடி வீட்டில் இருந்தார். 1977இல் மனைவி எலிசபெத் இறந்துபோனார். எண்பதைத் தாண்டிய வயது, வெளியே போவது குறைந்துவிட்டது. அப்போது அவர் கைக்கு வந்தது போலராய்டின் எஸ்எக்ஸ்-70 கேமரா. கடையில் ஒரு சின்னக் கண்ணாடிச் சிலையைப் பார்த்தார். கழுத்தும் தோளும் மனைவியை ஞாபகப்படுத்தின. அதை வாங்கி வந்து ஜன்னல் விளிம்பில் வைத்து, காலையிலும் மாலையிலும் அதன் வழியாக வெளிச்சம் எப்படி வளைகிறது என்று எடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு ஜன்னல் விளிம்பு, அவ்வளவுதான் இடம். எங்கள் ஜன்னல் விளிம்பில் துளசித் தொட்டியும் தேய்ந்த சோப்பும் இருக்கின்றன.

அவரைப் படித்த பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒரு பாக்கெட்டில் பத்துப் படம், பத்து நாள், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. பத்தும் ஒரே பொருள். வெளிச்சம் மாறலாம், கோணம் மாறலாம், பொருள் மாறக் கூடாது. முதல் பொருள் எவர்சில்வர் டம்ளர்.

என் மாமியார் மூன்றாம் நாள் வரை பொறுத்தார். "ஏன்டி, ஐம்பது ரூபாய் கொடுத்து டம்ளரையா எடுக்கிற? அதுல காபியாவது இருக்கா?"

"இல்ல அத்தை, வெயில் இருக்கு."

"வெயில் மொட்ட மாடியில இல்லாத வெயிலா?"

நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அடியில் தண்ணீர் வட்டமாகத் தேங்கி, அதில் ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தது. "இத எடு" என்றார். பத்துப் படத்தில் அதுதான் உருப்படி.

முதல் மூன்று நாளும் டம்ளர் டம்ளராகத்தான் தெரியும். ஐந்தாம் நாளுக்கு மேல் சலிப்பு வரும். அந்தச் சலிப்பில் விட்டுவிடாதீர்கள். ஏழாம் நாள் வாக்கில் டம்ளர் மறைந்து வளைவும் நிழலும் மட்டும் கண்ணில் படத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது, இரண்டாவது பாக்கெட்டிலும் மூன்றாவதிலும்கூட.

அதன் பிறகு எடுத்தவை: இடியாப்பக் குழலின் அச்சு, வேரோடு வாங்கிய கொத்தமல்லிக் கட்டின் அடிப்பக்கம், ஜரி நூல் சிக்கல், குக்கர் மூடியின் ரப்பர், குளியலறை ஜல்லி. ஜல்லி என்றால் தண்ணீர் போகிற ஓட்டை மேல் போட்டிருக்கிற துளைத் தட்டு. சுற்றி நீர் சுழன்று போகும்போது, கறுப்பு டேப் இல்லாமல், ட்ரேஸ் பேப்பர் வழியாக ஃப்ளாஷ் அடித்து எடுத்தேன். நடுவில் துளைகள், சுற்றிலும் நுரை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படம் வந்ததும் ஆட்டாதீர்கள். பழைய சினிமாப் பழக்கம் அது. குப்புறப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். ஒன்றரை நிமிடத்தில் உருவம் தெரிந்துவிடும், நிறம் முழுக்க ஊற இன்னும் சற்று நேரம் ஆகும். இந்த வகைப் படத்துக்கே ஒரு குழந்தையின் கேள்விதான் காரணம் என்பார்கள்: 1943இல் விடுமுறையில், போலராய்டைக் கண்டுபிடித்த எட்வின் லேண்டின் மூன்று வயது மகள், எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று கேட்டாளாம். 1948இல் அவருடைய போலராய்டு கேமரா பாஸ்டனில் விற்பனைக்கு வந்தது. என் மகள் நேர்மாறு. "ஏம்மா இவ்ளோ நேரம் ஆகுது?" என்கிறாள்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் நான் ஒரு வேலை செய்வேன். படம் எப்படி வரப்போகிறது என்று நினைக்கிறேனோ அதை நோட்டில் நான்கு கோடாகக் கிறுக்கி வைப்பேன். பிறகு படத்தைத் திருப்பிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக இருக்காது. பாதி டிசைன்கள் அந்த வித்தியாசத்திலிருந்துதான் வந்தன. அடி ஓரத்தின் வெள்ளையில் தேதியும் நேரமும் எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வழுக்கும், சிடியில் எழுதுகிற மார்க்கர் நிற்கும்.

படத்திலிருந்து துணிக்கு

மினி படத்தில் காட்சி விழுகிற இடம் 62க்கு 46 மில்லிமீட்டர். பிளவுஸ் கையில் போடுகிற ஒரு பெரிய புட்டாவும் ஏறக்குறைய அதே அளவுதான். இதை முதலில் கவனித்தபோது சிரிப்பு வந்தது. பெரிதாக்கவும் வேண்டாம், சிறிதாக்கவும் வேண்டாம், அப்படியே படி எடுக்கலாம்.

ஒரு படத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். தை மாதம், 7.25, அரிசி டப்பா, கறுப்பு டேப், பெரிய வெயில் குறி. ஜன்னல் கம்பியில் சாதாரணமான டைமண்ட் கட்டம். டப்பா உருளை என்பதால் அதன் மேல் விழுந்த நிழலில் கட்டங்கள் நடுவில் அகன்று, ஓரம் போகப் போக ஒடுங்கி, கடைசியில் கோடாகிவிட்டன. டப்பாவின் விளிம்புக்கு மேல் எல்லாம் கறுப்பு. ஒரு கட்டத்துக்குள் மட்டும் டப்பாவில் இருந்த ஒடுக்கு பளிச்சென்று நட்சத்திரம் மாதிரி.

படத்தின் பின்பக்கம் கறுப்பு, அதனால் அடியில் விளக்கு வைத்துப் பார்க்கிற வேலை ஆகாது. ட்ரேஸ் பேப்பரைப் படத்தின் மேல் வைத்துக் கிளிப் போட்டு, நைசான பென்சிலில் வெளிச்சத்தின் ஓரத்தை மட்டும் வரைந்தேன். டப்பாவை வரையக் கூடாது, ஜன்னலையும் வரையக் கூடாது, வெளிச்சம் நிற்கிற ஓரம் மட்டும். பிறகு பேப்பரை எடுத்து, கோட்டு மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போட்டு, துணி மேல் வைத்து, பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன். நடுவில் இருக்கிற அகன்ற கட்டங்களுக்கு ஓரம் முழுக்க ஜர்தோசி, அதாவது சுருள் உலோகக் கம்பி வேலை. ஓரத்தில் ஒடுங்குகிற கட்டங்களுக்கு வெறும் செயின் ஸ்டிட்ச், நூலும் ஒற்றை இழை. ஒடுக்கு இருந்த கட்டத்தில் மட்டும் சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணிகளைக் கொட்டி நிரப்பினேன். அரக்கு நிறப் பட்டில் அதைப் போட்டபோது கை மேல் துணி வளைகிற இடத்தில் கட்டங்கள் தானாக வளைந்த மாதிரி இருந்தது. வளைந்த டப்பாவில் எடுத்தது வளைந்த கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் திட்டமிட்டது இல்லை.

நீங்கள் எழுதுகிறவர் என்றால் இதற்குப் பதிலாக, படத்தில் தெரியாததை எழுதிப் பாருங்கள். டப்பாவுக்கு மேலே கறுப்பில் என்ன இருந்தது? என் மகள் பள்ளிக் கட்டுரைக்கு அப்படித்தான் ஒரு பக்கம் எழுதினாள், கறுப்புக்குள் பாட்டி உட்கார்ந்திருந்ததாக. உண்மையிலேயே அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

எதெல்லாம் கெடுக்கும்

பாக்கெட் பாதியில் இருக்கும்போது பின்கதவைத் திறக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த ஒரு வாண்டு திறந்து பார்த்ததில் மூன்று படம் வெள்ளையாகப் போயிற்று. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், இன்னொரு காரணமும் உண்டு: படத்தின் உள்ளே இருக்கிற ரசாயனப் பசை காரத்தன்மை (ஆல்கலி) உள்ளது. படத்தைக் கத்தரியால் வெட்டக் கூடாது, கடிக்கவும் விடக் கூடாது. தோலில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும்.

கேமராவுக்கு 5 முதல் 40 டிகிரிதான் ஒத்துக்கொள்ளும் என்று போட்டிருக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் 40 என்பது மதியச் சாப்பாடு மாதிரி தவறாமல் வரும். சித்திரை, வைகாசியில் நான் காலை எட்டுக்குள் முடித்துவிடுவேன். கேமராவை அடுப்பு மேடைக்கு மேலே இருக்கிற தட்டில் வைக்காதீர்கள், சின்ன வீட்டில் காலியாக இருப்பது பெரும்பாலும் அந்தத் தட்டுதான். பிரிக்காத பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது அப்படியே வைத்து, வேர்வை அடங்கிய பிறகு பிரியுங்கள். ஃப்ரிட்ஜில் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நான் மாவுப் பாத்திரத்துக்குக் கீழ்த்தட்டில் வைத்தேன். இரவில் மாவு பொங்கி வழிந்தது. அட்டை போயிற்று, உள்ளே ஃபாயில் உறை இருந்ததால் ஃபிலிம் தப்பித்தது. இப்போது டிபன் பாக்ஸுக்குள் போட்டு மேல்தட்டில் வைக்கிறேன். மாமியார் இரண்டு தடவை அதைத் திறந்து பார்த்து ஏமாந்திருக்கிறார்.

எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டினால் வெயிலில் வெளுக்கும், அடுக்களையில் எண்ணெய்ப் புகை படியும். எனக்கு ஒட்டுவதற்குச் சுவரும் இல்லை. பழைய பிஸ்கட் டின் ஒன்றில் நிமிர்த்தி அடுக்கி, செருப்புப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு வைத்திருக்கிறேன். எட்டு செட் இருக்கிறது. வருகிறவர்களிடம் இப்போது நோட்டைக் கொடுப்பதில்லை, டின்னைத்தான் நீட்டுகிறேன். நிறைய பேர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, மயிலே போட்டுடுங்க" என்பார்கள். போட்டுக் கொடுப்பேன், வாடகை கட்ட வேண்டும் அல்லவா.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா டின்னைக் கிளறி, ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் வட்டமாகத் துளைகள், சுற்றி வெள்ளை வெள்ளையாக இதழ் மாதிரி. முதுகுக்கு நடுவில் இதைப் பெரிதாகப் போட வேண்டும், துளைக்கெல்லாம் பச்சைக் கல் வைக்க வேண்டும் என்றார். அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "இது என்ன பூம்மா? எங்க ஊர்ப் பக்கம் பார்த்ததில்லையே" என்றார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் குளியலறைக் கதவை மெதுவாகச் சாத்தினார்.

"மெட்ராஸ்ல மட்டும் பூக்கும்மா" என்றார்.